பயத்துக்கு மாத்திரை என்று சொன்னவர்

பிலோமினா அக்கா இறந்துவிட்ட செய்தி வந்தபோது நான் எண்ணூர் நெடுஞ்சாலையில், இரண்டு கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றுவிட்ட ஷேர் ஆட்டோவில் இருந்தேன். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் யாரோ அவருடைய படத்தைப் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகப் பூக்கள். பிறந்தநாள் போலிருக்கிறது என்று நினைத்து வாழ்த்துகூட எழுதத் தொடங்கிவிட்டேன். பிறகுதான் மேலே இருந்த வரியைப் படித்தேன். முன்னால் லாரி, பின்னால் லாரி, பக்கத்தில் மதில். இறங்கி நடந்திருக்கலாம். அப்படிப்பட்ட இடங்களில் என் நெஞ்சு இறுகிவிடும், கால்கள் சொன்னதைக் கேட்காது. நம் அலுவலகத்தில் இதை அறிந்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரம் தயாரிக்கும் நம் ராயபுரம் அலுவலகத்தில், ஜன்னலோர மேசை அவருடையது. அவர் சிரித்தால் கீழே டீக்கடைவரை கேட்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை போடுவார். கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த முரளி ஒருநாள், "பிரஷருக்காக்கா?" என்று கேட்டான்.

"இல்ல நைனா. பயத்துக்கு."

மேசையே சிரித்தது. "உனுக்கு பயமா? உன்னப் பாத்தா மேனேஜரே படிக்கட்டுல ஒதுங்கி வயி வுட்றாரு!" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர்.

"அவருக்கும் ஒண்ணு வாங்கியாந்து குடுக்கறேன். கம்முனு துண்ணு."

நான் மட்டும் சிரிக்கவில்லை. அதை அவர் கவனித்துவிட்டார். கை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "இன்னாமே, உனுக்கும் அந்த பயம் கீதா?" என்றார். தலையை மட்டும் அசைத்தேன். என் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகுதான் எனக்கு மருத்துவரைப் பார்க்கும் துணிவு வந்தது. திருவொற்றியூரில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பெரம்பூர் வரை போனேன். பல வருடங்களாக இருக்கும் பதற்றம் இது, மாத்திரை உதவும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், தொடக்கத்தில் கொஞ்சம் குமட்டலாம் என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். வாங்கி வந்தேன். போடவில்லை.

"பைத்தியத்துக்குக் குடுக்குற மாத்திரைய நீ எதுக்குச் சாப்பிடணும்? காலைல எழுந்து நட, எல்லாம் சரியாயிடும்" என்றார் என் கணவர். பழகிவிட்டால் விடவே முடியாதாம் என்றாள் தங்கை. படித்தவள் அல்லவா, நான் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒவ்வொரு பக்க விளைவும் எனக்கு வந்தது, மாத்திரையை வாயில் போடாமலேயே. போட்டால் நான் வேறு யாராகவோ ஆகிவிடுவேன் என்ற பயம். போடாவிட்டால் கடைசிவரை இப்படியே இருந்துவிடுவேன் என்ற பயம். எந்த மனதைக் கொண்டு முடிவெடுக்க வேண்டுமோ, வைத்தியம் தேவைப்பட்டதும் அந்த மனதுக்குத்தான். காலையில் ஒரு முடிவு, சாயங்காலம் நேர் எதிரான முடிவு என்று மாதங்கள் போயின.

"நீங்களே சொல்லுங்கக்கா, போடட்டுமா வேணாமா?" என்று ஒருநாள் அவரிடம் கெஞ்சினேன்.

"நான் சொல்ல மாட்டேம்மே. நாளைக்கு உனுக்கு தல சுத்துனா என் தலைல கட்டுவே. டாக்டரு எதுக்கு கீறாரு? அவராண்ட போய் கேளு."

எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நாள் அவருடன் பேசவில்லை. அவருக்கோ பேசாமல் இருக்க வராது. இரண்டு டீயோடு வந்து என் மேசையில் உட்கார்ந்து, நான் கேட்காமலேயே, ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தில் தனக்கு நடந்த கதையைச் சொன்னார்.

"தவசு காலத்துல அல்லாரும் கறி மீன் வுடுவாங்க. எனுக்கு அது பத்தல. இன்னும் பெருசா எதுனா வுடணும்னு அந்த வருசம் மாத்திரைய வுட்டேன். ஆண்டவரே, உமக்காக இந்த பயத்த அப்டியே தாங்கிக்கிறேன்னு நேந்துகினேன். டாக்டராண்ட வாயே தொறக்கல."

முதலில் பெருமையாக இருந்ததாம். பிறகு தலையைத் திருப்பினாலே உள்ளே மின்சாரம் பாய்வது போலிருந்திருக்கிறது. தூக்கம் போனது. வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தார். இயேசு சிலுவை சுமந்த வழியை ஸ்தலம் ஸ்தலமாக நின்று ஜெபிப்பார்களே, அந்தச் சிலுவைப் பாதையில் ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் நிறைந்த கூட்டத்தில், முழங்காலிட்டு எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார்.

"ஏசுவே மூணாவது ஸ்தலத்துலதான்மே வியுவாரு. நான் ரெண்டாவதுலயே வியுந்துட்டேன். அவர முந்திகினேன்! சாமியாரு தண்ணி தெளிச்சி வெசாரிச்சிட்டு இன்னா சொன்னாரு தெரியுமா? 'பிலோமினா, நீ எதையாவது விடணும்னா ஊர் வம்ப விடு, மாத்திரைய விடாதே'ன்னாரு. வம்ப வுட்டுட்டு நான் உசுரோட இருக்கவா?"

சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பயத்த சொமக்கறது புண்ணியம்னு நெனச்சிகினு இருந்தேன். ஆண்டவரு கேக்கவே இல்லமே."

நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், யாருக்கும் நேர்ந்துகொள்ளாமலேயே. அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் மாத்திரையைப் போடவில்லை. ஒரு நல்ல கதையைக் கேட்டு எழுந்து போய்விடும் பயமாக அது இருக்கவில்லை.

இறந்த சேதி வந்த அன்று ஒருவழியாக அக்காவின் வீட்டை அடைந்தேன். குளிர்பெட்டியைச் சுற்றிப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் எனக்கு இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்த பிறகு வாசல் கண்ணுக்குத் தெரியவில்லை. மாரடைப்பு, சர்க்கரையும் இருந்தது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அவருடைய நாத்தனாருக்கு அது போதவில்லை.

"வருசக்கணக்கா நரம்பு மாத்திர துண்ணுகினு கெடந்தா. அதான் இப்டி. சொன்னா கேட்டாளா?"

"படிச்சவங்க யாராச்சும் அத்த துண்ணுவாங்களா?" என்றார் பக்கத்திலிருந்தவர். அலுவலகத்திலிருந்து வந்தவள் என்பதால் என் முகத்தைப் பார்த்தார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மகள் அனிதா குனிந்துகொண்டாள், தாயின் தவறுக்குத் தானும் பொறுப்பு என்பதுபோல.

என் நெஞ்சு இறுகத் தொடங்கியிருந்தது. எழுந்து ஓட வழியில்லை. "நானும் அந்த மாத்திரைதான் சாப்பிடுறேன்" என்றேன்.

அனிதா நிமிர்ந்து பார்த்தாள். "நீயாமே? பாத்தா நல்லாதானே கீறே?" என்றார் நாத்தனார்.

"நல்லா இருக்கத்தான் சாப்பிடுறேன்."

அந்த நேரத்தில் அது பொய். மறுநாள் பெரம்பூருக்குப் போனேன். மாதக்கணக்கில் வீட்டில் கிடந்ததைச் சொல்லி, கேட்க வெட்கப்பட்ட கேள்விகளையெல்லாம் மருத்துவரிடம் கேட்டேன். அன்றே தொடங்கினேன். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்றாரே, அந்த வாரங்களுக்குள்தான் இப்போது இருக்கிறேன். குமட்டுகிறது. சில காலைகளில் பயம் முன்பைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. சரியான முடிவா என்று இன்னும் தினமும் மனம் கேட்கிறது. மாத்திரையைப் போட்டுவிட்டு அதைக் கேட்க விடுகிறேன்.

பிலோமினா அக்காவின் சிரிப்பு எனக்கு வராது, வாயும் வராது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ள முடிந்தது, இதை மறைக்காமல் சொல்வது ஒன்றுதான். உங்களில் பலருக்கு என்னைப் பற்றிய இந்தச் சேதி இப்போதுதான் தெரிகிறது. எழுதியதைப் படித்த என் கணவர், அக்காவைப் பற்றி எழுதியதெல்லாம் இருக்கட்டும், உன் மாத்திரை விஷயத்தை மட்டும் எடுத்துவிடு என்றார்.

எடுக்கவில்லை.