தலை கடல் பக்கம்

என் கணவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. எனக்கு அவரைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கத் தெரியாது. அதனால் கச்சான் காற்று ஓய்ந்த மாதத்திலும் எங்கள் வீட்டில் ஏதாவது ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

அவர் மர வள்ளம் திருத்துகிறவர். சீனி வருத்தத்தில் புண் ஆறாமல் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பொய்க்கால் வந்ததும் திரும்பவும் கரைக்குப் போய்விட்டார். அந்தக் கால் கழன்று விழாமல் முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு தோல் வார் சுற்றிப் பிடித்திருக்கும். அங்கே அவருக்கு உணர்ச்சி குறைவு, புண் வந்தாலும் தெரியாது என்று டொக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். பழுத்துப்போனால் அடுத்தது தொடையில்தான் கை வைக்க வேண்டுமாம். அதைக் கேட்டதிலிருந்து நான் ஒரு பிடி சோற்றை நிம்மதியாக விழுங்கியதில்லை. பின்னேரம் அவர் வந்ததும் காலைக் காட்டச் சொல்லுவேன். அவர் சாரத்தை இழுத்து மூடிக்கொள்வார்.

"நீ என்னத்தப் பாக்கப் போறா? ஒண்டுமில்ல புள்ள."

இத்தனை பிள்ளை பெற்ற பிறகு என்ன வெட்கம் என்று கேட்டால், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு வாரின் இரும்பு ஆணிகள் துருப்பிடித்து, ஒரு நாள் பள்ளிவாசல்துறையில் வைத்தே பொட்டென்று விட்டன. சிலாபத்தில் கிளினிக்குக்கு இன்னும் நாள் இருந்தது. படகேறிப் போகிற உச்சமுனையில் ஒரு வள்ளம் இவருக்காகக் காத்துக் கிடந்தது. பாண் வாங்கக் கடைக்குப் போய் நான் திரும்பி வருவதற்குள், புதுத் தோலில், வள்ளப் பலகைக்கு அடிக்கிற தன்னுடைய செப்பாணிகளை அடித்து ஒரு வார் செய்து வைத்திருந்தார். வெளிப்பக்கம் ஆணித் தலைகள் வரிசையாகப் பளபளத்தன. நன்றாக இருக்கிறது என்று நானும் வாயாரச் சொன்னேன்.

அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது, கதிரையில் கிடந்த வாரைப் புரட்டினேன். உள்பக்கம் ஆணி முனைகள் கோணல்மாணலாக மடிந்து, முனையில் கோர்த்த செப்பு வளையங்கள் ஒரு பக்கம் கிளம்பிக் கிடந்தன. தோலில் படுகிற பக்கம் அது. நான் தோல் பை தைத்துக் கடைக்குக் கொடுக்கிறவள். கைப்பிடிக்கு ஆணி அடிப்பது எனக்கு அன்றாட வேலை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பாரா இந்த மனுஷன்!

"இது என்ன வேல?" என்று அவர் வந்ததும் நீட்டினேன்.

"ஏன், வள்ளத்துல ஆணித் தல கடல் பக்கம், வளையம் உள்ளுக்கு. வாப்பா காலத்திலயிருந்து அப்பிடித்தானே."

"உங்கட தொட என்ன வள்ளமா?"

"சும்மா கத்தாத. போட்டு நடந்தும் பாத்துட்டன். நோகல்ல."

"நோகாதுதான். அதுதான் எனக்குப் பயம்."

வாரின் உள்பக்கத்தை அவர் கன்னத்தில் வைத்து அழுத்தினேன். முகத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கன்னத்தைத் தடவியபடி வாரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "டொக்டர் என்ன செல்லியிரிக்காரு உன்னட்ட?" என்று கேட்டார். இனி மறைக்க என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

மிச்சத் தோலில் புது வார் வெட்டினேன். ஆணி இறுக்கமாக நுழையும் அளவுக்குத்தான் துளை போட்டேன். துளை பெரிதானால் ஆணி உள்ளே நெளியும். இந்த முறை வழவழப்பான தலை உடம்புப் பக்கம். அதை இரும்புக் கட்டையில் வைத்து, மறுபக்கம் நீட்டிய முனையில் வளையத்தைக் கோர்த்து, தோலோடு படியும்வரை குழாயால் தட்டி இறக்கினேன். ஒரு நெல்லளவு விட்டு மிச்ச முனையைக் குறட்டால் நறுக்கினேன். பிறகு சுத்தியலின் உருண்டை முகத்தால் விளிம்பைச் சுற்றி மெல்ல மெல்லத் தட்டினால், செம்பு தானாக விரிந்து குமிழாகும். எதிரில் இருந்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இன்னும் ரெண்டு ஓங்கிப் போடேன்!"

"ஓங்கிப் போட இது பலகையில்ல. கட்டைய ஆட்டாம புடிங்க."

பிடித்தார். கடைசி ஆணி முடிந்ததும் உள்பக்கத்தைத் தன் கன்னத்தில் அவரே தேய்த்துப் பார்த்தார்.

மறுநாள் உச்சமுனைக்குப் போனார். அன்று தைத்த பையை இரண்டு தரம் பிரித்தேன். ஏனத்தை அடுப்பில் வைத்துவிட்டுப் படலையடிக்குப் போனேன். கறி அடிப்பிடித்தது. துறைப் பக்கம் மோட்டர் சத்தம் கேட்கும் போதெல்லாம் எழும்பினேன். செம்பு நிற்கும் என்று தெரியும். தெரிந்தும் என்ன, மனம் கேட்க வேண்டுமே.

பொழுது சாயும் நேரத்தில் வந்தார். தேத்தண்ணி கேட்கவில்லை. வள்ளத்தைப் பற்றியும் கதைக்கவில்லை. நேராக ஜன்னலடிக் கதிரையில் உட்கார்ந்து வாரை அவிழ்த்தார், காலைக் கழற்றினார். நான் வழமைபோல் வாய் திறக்கப் போனேன். அதற்குள் சாரத்தை அவரே மேலே தூக்கி, தொடையை வெளிச்சத்தில் நீட்டினார்.

"வந்து பாரு புள்ள. எனக்கு ஒண்டும் விளங்குதில்ல."

முழங்காலில் இருந்து விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். வார் கிடந்த தடம் மட்டும் இருந்தது. கண் கலங்கிச் சரியாகத் தெரியாததால், முதலிலிருந்து மறுபடியும் பார்த்தேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.