இரத்தசாட்சியும் ஏழு மோதகமும்

சிங்கத்துக்கு இரையாகிச் சாக வேண்டும் என்பதுதான் ஒன்பது வயதில் எனக்கிருந்த பெரிய ஆசை. எண்பதுகளின் கடைசியில் மெல்போர்னில், அதிலும் கிளென் வேவர்லியில், அதற்கு வசதி குறைவு என்பதும் தெரிந்துதான் இருந்தது.

ஆசையைக் கிளப்பியவர் சண்டே ஸ்கூல் டீச்சர். ரோமாபுரியில் ஆதிக் கிறிஸ்தவர்களை எப்படிப் பிடித்து நிறுத்தினார்கள் என்று வாராவாரம் சொல்வார். அரசனின் சிலைக்கு முன்னால் ஒரு சிட்டிகை சாம்பிராணி, அவ்வளவுதான் கேட்டார்கள். போட்டவர்கள் வீட்டுக்குப் போகலாம். மறுத்தவர்கள் சிங்கத்தின் முன் நின்றார்கள். அவர்களில் என் வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாளாம். இப்படி விசுவாசத்துக்காகச் செத்தவர்களுக்கு இரத்தசாட்சி என்று பெயர். என்னிடம் சாம்பிராணியை நீட்ட ஒருவரும் வரவில்லையே என்று ஏங்கிப்போனேன்.

அந்த நேரம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். வயிற்றில் இருந்த தம்பிக்கு ஏதோ சிக்கல். மலேசியாவிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சொந்தம் என்று சொல்ல யாரும் இல்லை. பள்ளி விட்டதும் என்னை அழைத்துப்போய்ச் சோறு போட்டு, தலை பின்னி, அப்பா வேலையிலிருந்து வரும்வரை வைத்திருந்தவர் பக்கத்து வீட்டு அன்ரி. யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளையார் என்றால் உயிர்.

விநாயகர் சதுர்த்தியன்று அவர் குசினியில் மோதகம் அவிந்துகொண்டிருந்தது. அன்ரி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் பூரணத்தில் விரலை விட்டேன். கையில் மெல்லத் தட்டினார்.

"படைக்க முன்னம் வாய் வைக்கக் கூடாது பிள்ளை. என்ர மகனும் பாத்துக்கொண்டுதானே நிக்கிறான்."

என்னைவிட இரண்டு வயது சின்னவன் அவன். பசியில் முகம் வாடித்தான் நின்றான்.

பூசை முடிந்தது. வீடு நிறைய ஆட்கள். அன்ரி தட்டை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தார். தாய் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்கு முதலில் கொடுப்போம் என்ற நினைப்பு, வேறென்ன. எனக்கோ ரோமாபுரியே வந்து எதிரில் நிற்பதுபோல் இருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இது விக்கிரகத்துக்குப் படைச்சது. நான் சாப்பிட மாட்டேன். வேணும்னா என்னைக் கொன்னுடுங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அன்ரியின் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தேன். பார்த்தும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன். இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

அந்த நேரம் பார்த்து அப்பா வாசலுக்கு வந்து சேர்ந்தார். "மன்னிச்சுக்குங்க" என்று அவர் கும்பிட, "சின்னப்பிள்ளைதானே, விடுங்கோ" என்றார் அன்ரி. வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒன்றுதான் கேட்டார். "ஒன்றரை மாசமா யார் வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டு இருக்கே?" அப்பாவையும் ரோமர் கணக்கில் சேர்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூலில் நடந்ததைச் சொன்னபோது வகுப்பே கைதட்டியது.

அன்ரி மறுநாளும் பள்ளி வாசலில் வந்து நின்றார். வழக்கம்போலத் தலை பின்னினார். நான் துன்புறுத்தலுக்குக் காத்திருந்தேன்; கிடைத்தது கத்தரிக்காய்க் குழம்பு. அதையும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றேன், வெட்கங்கெட்டவள்.

அடுத்த வருடச் சதுர்த்திக்கு நான் போகவில்லை. அம்மா வீட்டில் தம்பியைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தார். மாலையில் அன்ரியே மூடிய கிண்ணத்தோடு வந்து கதவைத் தட்டினார்.

"இது பிள்ளைக்கு. படைக்க முன்னமே தனியா எடுத்து வைச்சனான். பயப்பிடாமச் சாப்பிடு."

ஆகா, ரோமாபுரி பணிந்துவிட்டது. கிண்ணத்தில் ஏழு மோதகம் இருந்தன. அவர் முன்னாலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். ஆறாவது வாயில் இருக்கும்போது, ஜெயித்துவிட்ட திமிரில் கேட்டேன்.

"படைக்காம எடுத்தா உங்க சாமி கோவிச்சுக்காதா அன்ரி?"

அன்ரி கிண்ணத்தை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"கோவிச்சா என்னோட கோவிக்கட்டும். நீ சாப்பிடு."

அன்று அது எனக்கு ஒரு பதிலாகவே படவில்லை. ஏழாவதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.