உள்ளூர்க்காரிக்கு விடுதி கிடையாது

கல்லூரி விடுதி விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி, வீட்டிலிருந்து கல்லூரிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. நாலு என்று எழுதினேன். அது பொய். ஆனால் என் ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் ஒன்றுசேர்ந்து அந்தப் பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. அத்தனை காகிதங்களையும் எதிர்த்து நான் ஒருத்தி உண்மையை எழுதி என்ன செய்ய? போதாததற்கு, விண்ணப்பத்தோடு அவற்றின் நகல்களையும் இணைக்கவேண்டும் என்று கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

உண்மையில் எங்கள் வீடு போடிமெட்டைத் தாண்டி, கேரளத்துப் பக்கம், ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில் இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள், ஏழாவது எங்களுடையது. அப்பா செடிக்கு மருந்தடிக்கிற ஆள், அம்மா ஏலக்காய் எடுக்கப் போவாள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்கள் அங்கேதான். ரேஷன் கார்டு மட்டும் போடியில், பெரியப்பா வீட்டு முகவரியில் இருந்தது. மாதம் ஒருமுறை அம்மா இறங்கி வந்து, கடையில் கைரேகை வைத்து அரிசியை வாங்கி, அப்படியே பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்சுக்கு மேலே ஏறிவிடுவாள். அரிசி அவர்களுக்கு, முகவரி எங்களுக்கு. மலையில் வேலை செய்யும் எங்கள் ஆட்களில் நிறையப் பேருக்கு இதுதான் ஏற்பாடு. கார்டு அந்தப் பக்கம் போய்விட்டால் சாதிச் சான்றிதழ் கிடைக்காது, பிள்ளைகளுக்கு இங்கே சீட்டு கிடைக்காது, பிறகு எந்தக் காலத்திலும் கீழே திரும்ப முடியாது என்ற பயம்.

அதனால் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடமே இதுதான். யாராவது சும்மா எந்த ஊர் என்று கேட்டால் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் போடி முகவரியைத்தான் சொல்லவேண்டும், கதவு எண்ணோடு, திணறாமல். என் பெயரை எழுதப் பழகுவதற்கு முன்பே அந்தக் கதவு எண் எனக்கு மனப்பாடம்.

விடுதிப் பொறுப்பில் இருந்த மேடம் என் காகிதங்களுக்கு ஒரு நிமிடத்தைக்கூடச் செலவழிக்கவில்லை. இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து வருகிறவர்களுக்கே கட்டில் பத்தவில்லை, உள்ளூர்ப் பிள்ளைக்கு எதற்கு விடுதி என்றார். எங்கள் வீடு நிஜத்தில் மலைமேல் இருக்கிறது என்று இழுத்தேன். அப்படியென்றால் மலை முகவரிக்கு ஒரு சான்று கொண்டுவா என்றார். பிளஸ் டூ இங்கேதானே படித்திருக்கிறாய், அப்போது எங்கே இருந்தாய் என்பது அடுத்த கேள்வி. பெரியப்பா வீட்டில் என்றேன். பிறகென்ன, அங்கேயே இருந்துகொள் என்று என் காகிதங்களை ஓரமாகத் தள்ளிவிட்டார். அவர் மேல் தப்பு சொல்ல வழியில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். தப்பு செய்த ஒருவர் எதிரில் இருந்தால் மனதுக்குள்ளாவது திட்டித் தீர்த்திருப்பேன்.

பெரியப்பா வீட்டில் இருக்க முடியுமானால் நான் ஏன் விடுதி வாசலில் நிற்கப்போகிறேன்? அந்தக் கோடையில்தான் பெரியப்பாவின் மூத்த மகனுக்குக் கல்யாணம் நடந்தது. இரண்டே அறை உள்ள வீடு. நான் இரண்டு வருடம் படுத்துப் படித்த அறை புதுத் தம்பதிக்குப் போய்விட்டது. பெரியம்மா என்னை வரவேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. போகும்போதெல்லாம் வயிறாரச் சோறு போட்டுவிட்டு, எந்த பஸ்சுக்குக் கிளம்புகிறாய் என்று அக்கறையாகக் கேட்பாள். எனக்குப் புரிந்தது.

ஆகவே மலையிலிருந்தே கல்லூரிக்குப் போய்வந்தேன். எங்கள் மலைப்பாதையில் ஒரு ஒழுங்கு உண்டு. காலையில் ஜீப்பெல்லாம் போடியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே வரும், சாயங்காலம் அவர்களை ஏற்றிக்கொண்டு கீழே போகும். காலையில் கீழே போய்ச் சாயங்காலம் மேலே வருகிற கிறுக்கு நான் ஒருத்திதான். நான் பஸ்சில் கொண்டை ஊசி வளைவுகளில் குடலைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது, எதிரே ஒவ்வொரு ஜீப்பிலும் பதினைந்து பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஏறிப்போவார்கள். அத்தனை வண்டிகளில் ஒன்றுகூட எனக்கு உதவாது. முதல் பஸ்சு போடியைத் தொடும்போது மணி பத்து. முதல் வகுப்பு ஒன்பதுக்கு. மேலே போகிற கடைசி பஸ்சு கிளம்பும் நேரத்துக்கு எங்கள் ஆய்வக வகுப்பு பாதிதான் முடிந்திருக்கும். ஆக, தினமும் காலையில் ஒரு மணி நேரமும் சாயங்காலம் ஒரு மணி நேரமும் நான் வராதவள்.

விடுதிப் பிள்ளைகள் மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஈரத் தலையோடு மைதானத்தைக் கடந்து வகுப்புக்கு வருவார்கள். மதியம் போய்ச் சூடாகச் சாப்பிட்டுவிட்டு, முடிந்தால் ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வருவார்கள். சாம்பாரில் பருப்பே இல்லை என்று என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொள்வார்கள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். பொறாமைதான், வேறென்ன.

இரண்டு மாதம் கழித்து வருகைப் பட்டியலை ஒட்டினார்கள். எழுபத்தைந்து சதவீதம் இருந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். என் பெயருக்கு நேரே அறுபத்திரண்டு என்று இருந்தது. துறைத்தலைவர் கூப்பிட்டு, இனி ஒருநாள்கூட விடாமல் முழுதாக வந்தால்தான் தப்பிப்பாய், இல்லையென்றால் இந்த வருடமே வீண் என்றார். போடிக்குள்தானே இருக்கிறாய், ஒன்பது மணிக்கு வருவதற்கு உனக்கு என்ன கேடு என்றும் கேட்டார். அவர் பார்த்த காகிதத்திலும் போடிதானே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் லயத்து வாசலில் உட்கார்ந்து மருந்தடிக்கிற பம்பைக் கழுவிக்கொண்டிருந்தார். நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று தோட்டத்து மேனேஜர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், விடுதி கிடைத்துவிடும் என்றேன். கேட்டால் அவரும் மறுக்கமாட்டார் என்றேன். அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. நான் விடாமல் கத்தியபிறகுதான் பம்பைக் கீழே வைத்தார்.

"ஆத்தா, அவரு லெட்டரு குடுத்துருவாரு. அது போயி காலேஜு பைலுல உக்காந்துக்கிரும். நாளைக்கு எவனாச்சும் அந்த லெட்டரையும் உன் சர்டிபிகேட்டையும் ஒண்ணா வச்சுப் பாத்தான்னா ஹாஸ்டலு மட்டுமில்ல, காலேஜே போயிரும். இங்க இருக்கோம்னு நம்ம கையால எழுதிக் குடுக்கக் கூடாது."

எனக்குச் சீட்டு கிடைத்தது அந்தச் சாதிச் சான்றிதழை வைத்துத்தான். கட்டணச் சலுகையும் அதை வைத்துத்தான். அவர் சொன்னதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எந்த நிலத்தையும் யாரிடமிருந்தும் பிடுங்காத, எந்தத் திருட்டும் செய்யாத ஒரு குடும்பத்துக்கு, எங்கே குடியிருக்கிறோம் என்று சொல்ல இவ்வளவு பயம் எதற்கு என்று கேட்டேன். அவர் மறுபடியும் பம்பைக் கழுவத் தொடங்கினார்.

மிச்சமிருந்தது வெளியில் ஒரு அறை. கல்லூரிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, ஓய்வுபெற்ற நர்சம்மா ஒருவர் மாடி அறையைப் படிக்கிற பெண்களுக்கு விட்டிருந்தார். கம்பம் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள், மூன்றாவது கட்டில் காலி. வகுப்புத் தோழி ஒருத்தி சொல்லிப் போய் நின்றேன். அந்த அம்மா என் ஆதார் நகலை வாங்கிப் பார்த்தார். இதே ஊரில் வீட்டை வைத்துக்கொண்டு எதற்கு அறை, வீட்டில் சண்டையா, இல்லை வேறு ஏதாவது விவகாரமா என்று நேராகவே கேட்டுவிட்டார். ஊருக்குள்ளே வீடு இருக்கிற பெண் தனியாக அறை எடுத்தால் அவருக்கு அப்படித்தானே தோன்றும். விடுதிக் கதவை எந்த முகவரி சாத்தியதோ, அதே முகவரிதான் இந்தக் கதவையும் சாத்தப் பார்த்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. மலை, லயம், பெரியப்பா வீட்டுக் கார்டு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் என்னையும் ஆதாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, அவர் வாயால் சொல்லட்டும், கட்டில் உனக்குத்தான் என்றார்.

அது காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் நேரம். சூப்பர்வைசரிடம் கெஞ்சி, ஒரு நாள் லீவு வாங்கிக்கொண்டு அம்மா என்னோடு பஸ்சேறினாள். பெரியப்பா மகன் கல்யாணத்துக்குக் கட்டிய சேலையைக் கட்டியிருந்தாள். வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னேன். நம் வீடு மலையில் இருக்கிறது என்று சொல்லவேண்டும், வேறு எதுவும் சொல்லவேண்டாம். சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

நர்சம்மா எங்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, காய் எடுக்கிற வேலையைப் பற்றியெல்லாம் விசாரித்தார். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு நீள நோட்டை எடுத்து மடியில் விரித்தார். பேனா மூடியைக் கழற்றினார். எங்கேம்மா இருக்கீக என்று கேட்டார்.

அம்மா நாற்காலி நுனிக்கு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பதினேழு பை ரெண்டு," என்று ஆரம்பித்து, தெரு, வார்டு, போடி என்று கடகடவென்று முடித்தாள். சொந்த வீடா என்றார் நர்சம்மா. ஆமாம் என்றாள் அம்மா. எத்தனை வருடமாக என்றதற்குக் கல்யாணம் ஆனதிலிருந்து என்றாள். நான் அவள் கையைக் கிள்ளினேன். அவள் திரும்பவே இல்லை. நர்சம்மா நோட்டை மூடினார். மகள் ஒன்று சொல்கிறாள், தாய் ஒன்று சொல்கிறீர்கள், எனக்கு எதற்கு இந்த வம்பு என்று எழுந்துவிட்டார்.

தெருவுக்கு வந்ததும் நான் வெடித்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். வேண்டுமென்றே செய்தாயா, நான் படிப்பது உனக்குப் பிடிக்கவில்லையா என்று என்னென்னவோ கேட்டேன். அம்மா முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"நீ பொறந்த ஆஸ்பத்திரியில இருந்து இதத்தான தாயி சொல்லிட்டு வர்றேன். பேனாவப் பாத்ததும் வாயி அதுவாச் சொல்லிருச்சு."

நான் இரங்கவில்லை. இனிமேல் படிக்கப் போகவில்லை, நாளையிலிருந்து உன்னோடு காய் எடுக்க வருகிறேன், சந்தோஷமா என்றேன். அவளுக்கு வலிக்கவேண்டும் என்றே சொன்னேன். வலித்தது. அவள் முகம் செத்துப்போனது. திரும்பி, அந்த வீட்டை நோக்கி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

நர்சம்மா இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அம்மா படியில் ஏறவில்லை. கீழே நின்றபடியே சொன்னாள். "நான் சொன்னது பொய்யிம்மா. நாங்க இருக்கது மலையில. கேரளாவுல. லயத்துல ஏழாவது வீடு. கல்யாணம் ஆனதுல இருந்து அங்கதான் இருக்கோம்." வெளியாள் ஒருவரிடம் அவள் இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்துக்கொண்டாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "இத எங்கயும் எழுதிற மாட்டீகல்ல?"

நர்சம்மா சிரிக்கப்போனார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல், எழுத மாட்டேன் என்றார். அம்மா அப்படியும் அசையவில்லை. எழுத மாட்டேன்மா, உள்ளே வாங்க என்று அவர் கையைப் பிடித்துக் கூப்பிட்ட பிறகுதான் படியேறினாள்.

கட்டில் கிடைத்துவிட்டது. மாடிக்குப் போய் ஜன்னலைத் திறந்து பார்த்தோம். இறங்கி வந்தபோது நர்சம்மா நோட்டில் என் பெயரையும் அப்பா பெயரையும் எழுதியிருந்தார். அடுத்த கட்டத்தில் ஊர் என்று இருந்தது. யாராவது வந்து கேட்டால் காட்டவேண்டும், அதை வெறுமனே விடமுடியாது, என்ன எழுதட்டும் என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் வாயைத் திறக்கவில்லை.

போடி என்றே எழுதுங்கள் என்றேன் நான். கதவு எண்ணையும் தெருவையும் வார்டையும் அம்மா சொன்ன அதே வேகத்தில் சொல்லிமுடித்தேன்.