காற்றை வெட்டிய கத்தரிக்கோல்

நான் அப்போது வீட்டோடு இருந்து நர்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். சக்கர நாற்காலியை விட்டு எழ முடியாது. தெருமுனை சலூன்காரர்தான் வீட்டுக்கே வந்து அவருக்கு முடி வெட்டி, சவரம் செய்வார். சொன்ன நேரத்துக்கு வருவார். துணி விரித்துத்தான் பெட்டியைத் திறப்பார். போகும்போது தரையில் ஒரு முடி கிடக்காது. வேலை சுத்தமாக இருந்தால் எனக்கு ஆளைப் பிடித்துவிடும்.

அன்று வாத்தியாரின் மீசையைச் சரிசெய்துகொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார். கத்தரிக்கோல் மட்டும் நிற்கவில்லை. காற்றில் சடக் சடக்கென்று வெட்டிக்கொண்டிருந்தது. சலூன்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். அடுத்து எங்கே வெட்டலாம் என்று பார்க்கும்போது கை சும்மா இருக்காது. ஆனால் இவர் எதையும் பார்க்கவில்லை. கண் சுவரில் நிலைகுத்தி நின்றது. வாய் எதையோ மென்றது. வாயில் ஒன்றும் இல்லை.

"தம்பி!" என்றேன். பதில் இல்லை. கையைப் பிடிக்கவில்லை, அந்த நிலையில் பிடித்தால் திமிறுவார்கள். நாற்காலியின் பிரேக்கை எடுத்துவிட்டு வாத்தியாரைப் பின்னால் இழுத்தேன்.

"என்னம்மா, பாதி மீசையோட கடத்திட்டுப் போறீங்க?" என்றார் வாத்தியார்.

சற்றுக் கழித்துச் சலூன்காரர் கண்ணைச் சிமிட்டினார். "இவரை யாரும்மா அங்க நகர்த்தினது?"

"நான்தான். உக்காருங்க. இது முன்னாடியும் வந்திருக்கா?"

"எதும்மா?"

நடந்தது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. துருவித் துருவிக் கேட்டேன். அவ்வப்போது வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி நெஞ்சுவரை ஏறுமாம். வாயு என்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவந்திருக்கிறார். கருகின வாடையும் வருமாம். "மாப்ளதான் டிரையரை வச்சு எவன் முடியையோ கருக்குறான்னு அவனைத் திட்டுவேன்" என்றார். மாப்ள என்றால் அவர் மனைவியின் தம்பி. அடுத்த நாற்காலியில் வேலை செய்பவர்.

"வலிப்பா இருக்கலாம்" என்றேன்.

"நான் விழவே இல்லையேம்மா?"

"எல்லா வலிப்பும் ஆளைக் கீழ தள்ளாது."

அவர் தன் பெட்டியைப் பார்த்தார். அதில் சவரக் கத்தி இருந்தது. பெட்டியை மூடினார். "சாருக்குச் சவரம் பாக்கி. மாப்ளையை அனுப்புறேன்" என்றார். கத்தியைக் கீழே வை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. கத்திச் சவரத்துக்காகவே அந்தக் கடைக்கு ஆள் வரும் என்பது எனக்குத் தெரியும்.

மருத்துவரிடம் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு போனோம்.

"மாமா போஸ் குடுக்குறாருன்னு நினைச்சேன் டாக்டர்" என்றார் மைத்துனர். "கஸ்டமர் கேட்டா பதில் சொல்லாம கத்தரிக்கோலை ஆட்டுவாரு. பெரிய கலைஞர், பேச மாட்டார்னு நானும் ஓட்டுவேன்."

"அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றார் மருத்துவர்.

மைத்துனர் எழுந்து, சுவரை வெறித்து, வெறும் வாயை மென்று, விரல்களால் காற்றை வெட்டிக் காட்டினார். சலூன்காரர் இமைக்காமல் பார்த்தார். தன்னை அவர் அப்படிப் பார்த்தது அன்றுதான்.

மருத்துவர் சொன்னது இது: "சில வலிப்பு மூளையில ஒரு இடத்துல தொடங்கும். சிலது ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல கிளம்பும். ரெண்டுலயும் ஆள் வெறிச்சுப் பார்க்கலாம். ஆனா ஒண்ணுக்குக் கேட்குற மாத்திரை இன்னொண்ணைக் கிளப்பிவிட்டுடலாம். அதான் கண்ணால பார்த்தவங்களைக் கேட்குறேன்." தலையில் ஒயர் ஒட்டி எடுத்த சோதனையும் ஸ்கேனும் வந்த பிறகு, ஒரு இடத்தில் தொடங்கும் வகைதான் என்று உறுதியானது.

குறைந்த அளவில் மாத்திரையைத் தொடங்கி மெல்லக் கூட்டினார்கள். முதல் மாத்திரையில் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. பலர் மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். இவர் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்க் காட்டினார். மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றினார். அதில் தூக்கம் சொக்கியது. சகித்துக்கொண்டார். பெட்டியில் கத்தி இருந்த பள்ளத்தில் இப்போது மாத்திரை அட்டை இருந்தது.

கடையில் ஒளிவுமறைவு இல்லை. உட்காருகிறவரிடமெல்லாம் சொன்னார்: "எனக்கு வலிப்புக்கு மருந்து ஓடுது. வெட்டு, சவரம் எல்லாம் மாப்ள. நான் தலை அலசிவிடுறேன்." சிலர் வேறு கடைக்குப் போனார்கள். அவர்களை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லிக் கேட்டதில்லை. சொந்தக் கடையில் மைத்துனருக்கு எடுபிடியாக நின்று, துண்டு மடித்தார், கண்ணாடி துடைத்தார். என் தொழிலில் எத்தனையோ நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவர் அபூர்வம்.

மாதங்கள் போயின. வயிற்றில் எதுவும் கிளம்பவில்லை, வாடை வரவில்லை, கடையில் யாரும் எதையும் பார்க்கவில்லை. மாத்திரையை நிறுத்தாமல் கத்தியை எடுக்கலாம் என்று மருத்துவர் அனுமதித்தார். அனுமதி கிடைத்தும் இவர் எடுக்கவில்லை. யார் கழுத்தில் முதலில் வைப்பது?

ஒரு காலை நான் கடைக்குப் போனபோது மைத்துனர் தன் நாற்காலியை விட்டு மாமாவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்தார். "போடுங்க மாமா. ஏதாவது ஆச்சுன்னா அக்காகிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்."

"டேய், எந்திரி."

"உங்க சவரம் பார்த்து ரொம்ப நாளாச்சு. நான் பண்றது எனக்கே பிடிக்கல."

சோப்பு நுரை பூசினார். கத்தியை வைத்தார். "வாயை மூடு மாப்ள, கன்னம் ஆடுது." ஒரு கீறல் இல்லாமல் முடிந்தது. மைத்துனர் கண்ணாடியில் தாடையைத் தடவிப் பார்த்து, "இப்பதான் கடை திறந்த மாதிரி இருக்கு" என்றார்.

அடுத்த நாள் சலூன்காரர் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். துணி விரித்தார், பெட்டியைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் வாத்தியாரின் நாற்காலிக்குப் பிரேக்கைப் போட்டுவிட்டு, வெந்நீர் கொண்டுவந்து வைத்தேன்.