களத்தில் திரும்பிய வேன்

எங்கள் பள்ளி வேனின் ஓட்டுநர் அந்த ஓர் ஊரில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வண்டியைத் திருப்புவார். பாதை முடியும் இடத்தில் நிறுத்தி இறங்கி, தேய்ந்த ரப்பர் செருப்பைப் புல்லோரம் விடுவார். வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்து, சாணம் மெழுகிய கதிரடிக்கும் களத்தின்மேல் வண்டியை மெல்ல ஏற்றி, வளைத்து, இறக்குவார். முதல்முறை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அப்படி ஓர் ஏற்பாட்டுக்கு எவ்வளவு மன்றாட வேண்டியிருந்தது என்பது எனக்கும் அவருக்கும்தான் தெரியும்.

நான் திருநாவலூர்ப் பக்கத்துச் சமவெளிக்காரி. வெள்ளிமலைக்கு அப்பால் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்த புதிதில், மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டுதான் உயிர் பிழைத்தேன். தொலைவில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளை அழைத்துவர அரசு பணம் கொடுத்தது. வண்டி பிடிப்பது, வழி பார்ப்பது, ஆட்களைச் சமாளிப்பது எல்லாம் என் தலையில் விழுந்தன. எல்லா ஊர்களுக்கும் வேன் ஓடத் தொடங்கியது, ஓடைக்கு மேலே இருந்த அந்தச் சிற்றூரைத் தவிர. அங்கே பாதையின் ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஏறிய வண்டி பின்னாலேயே இறங்க முடியாது. திரும்புவதற்கு இருந்த ஒரே சமதரை, ஓர் அம்மாளின் கதிரடிக்கும் களம். வண்டி வராவிட்டால் அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் ஓடையையும் காட்டையும் தாண்டி நடக்க வேண்டும். நடப்பார்கள், எட்டாம் வகுப்புவரை. அதற்குமேல் எந்த வீட்டிலும் அனுப்பமாட்டார்கள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்ற கதையாகிவிட்டது. களத்துக்குச் சொந்தக்காரரான அந்த அம்மாளைப் பிள்ளைகள் களத்தம்மா என்பார்கள். நானும் ஓட்டுநரும் போனபோது முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தானியம் விழும் தரையில் தன் வீட்டு ஆண்களே செருப்போடு கால் வைத்ததில்லை, ஊர் மண்ணையெல்லாம் மிதித்துவரும் டயர் எப்படி ஏறும் என்று கேட்டார். ரிஷிவந்தியத்துக்காரரான எங்கள் ஓட்டுநர், டயரைக் கழற்றினால் வண்டி போகாதுங்க, வேண்டுமானால் என் செருப்பைக் கழற்றிவிடுகிறேன் என்று பணிவாகச் சொன்னார். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

செருப்பு மட்டும் காரணமில்லை என்பது மறுமுறை போனபோது விளங்கியது. அவருடைய ஒரே மகள் எட்டாம் வகுப்போடு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆடு மேய்ப்பதும் மரவள்ளிக்குக் களை எடுப்பதுமாக இருந்தாள். சொந்தத்தில் பெண் கேட்டு வரத் தொடங்கியிருந்தார்கள். நான் மற்றப் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிப் பள்ளிக்கூடத்துப் பேச்சாகப் பேசிக்கொண்டே போனேன். அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

“எம் பொண்ணு ஓடையில எறங்கி நடந்துக்கினு இருந்தாளே, அப்ப இந்த வண்டி எங்க போச்சு டீச்சர்?”

அவரே தொடர்ந்து, “அவளையும் ஏத்திக்கினு போறதுன்னா களத்துல திருப்பிக்கங்க. இல்லன்னா வேணாங்க,” என்றார். இப்படியொரு பேரத்தில் தோற்க யாருக்குத்தான் கசக்கும்? இடைநின்ற பிள்ளையை மீண்டும் சேர்ப்பது எங்கள் வேலைதான். அங்கேயே ஒப்புக்கொண்டேன்.

ஆனால் அந்தப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. தன்னைவிடச் சின்னவர்களோடு ஒன்பதாம் வகுப்பில் உட்கார வெட்கம். முதல் நாள் வேன் களத்தில் வளைந்து நின்றது. சீருடையோடு வந்தவள் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக அழுதுகொண்டு நின்றாள். உள்ளே பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். களத்தம்மா ஆடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தார். மகளைத் தாண்டி வேனில் ஏறி, சன்னலோரமாக உட்கார்ந்து, “நானும் வரேன். ஏறு,” என்றார். அன்றைக்கு மட்டுமில்லை, அடுத்த சில நாட்களும் வந்தார். பள்ளிப் பலா மரத்தடியில் மாலைவரை காத்திருப்பார். சத்துணவுக் கூடத்தில் அரிசி புடைத்துக் கொடுத்துவிட்டு, சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று குறையும் சொல்வார். பிறகு ஒருநாள், நீ வராதே, மானம் போகிறது என்று மகளே சொல்லிவிட்டாளாம். அதை என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு பெருமை.

அறுவடையும் வந்தது. அவர் களத்தில்தான் பங்காளிகளும் சாமைக் கதிர் அடிப்பார்கள். காலை வேன் போன பிறகு கதிரைப் பரப்ப வேண்டும், மாலை வேன் வருவதற்குள் வாரி ஒதுக்கிவிட வேண்டும் என்று அவர் சட்டம் போட்டார். இது பஸ் ஸ்டாண்டா களமா என்று பங்காளிகள் முணுமுணுத்தார்கள். தினமும் டயர் தடத்தின்மேல் அவரே சாணம் தெளித்து மெழுகினார். ஒரு மாலை நானும் வேனில் போயிருந்தேன். கதிர் இன்னும் பரப்பியபடியே கிடக்க, மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் பைகளை இருக்கையில் போட்டுவிட்டு இறங்கி வாரத் தொடங்கினார்கள். ஓரத்திலிருந்து வா, தார்ப்பாயைப் பிடி என்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தவள், படியில் நின்று அழுத அதே பெண். நனையாமல் சாமை உள்ளே போனதும்தான் மழை கொட்டியது. எங்களுக்கெல்லாம் கம்பங்கூழ் கிடைத்தது.

பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, மறுதேர்வில் தேறி, மேலும் படித்து, இப்போது அவள் கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். பெண் கேட்டு வந்த சொந்தக்காரர்கள் இப்போது மாத்திரையைக் காட்டி விவரம் கேட்கிறார்கள். பாதையும் தார் பூசி அடுத்த ஊரான மேலூர்வரை நீண்டுவிட்டது. இனி உங்கள் களத்தில் வேன் திரும்பாது என்று நல்ல செய்தியாகச் சொல்லப் போனேன். அவர் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. அப்படியானால் மேலூரில் எங்கே திருப்புவீர்கள் என்றுதான் கேட்டார்.

அங்கேயும் ஒரு களம்தான். சொந்தக்காரர் இளவயதுக்காரர், பிடிவாதக்காரர். பாட்டன் காலத்துக் களம் என்று ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். அவருடைய சின்ன மகள் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எங்கள் வண்டியையே பார்த்தாள். நான் வழக்கமான பேச்சையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டேன். கூட வந்திருந்த களத்தம்மா களத்து ஓரமாகப் போய்க் குந்தினார்.

“எம் பொண்ணுக்கு ரெண்டு வருசம் லேட்டா வந்துச்சுப்பா இந்த வண்டி. உன் பொண்ணுக்கு நேரத்தோட வந்து நிக்குது. நீ இன்னா யோசன பண்ணிக்கினு கீற?”

அவர் தன் வேட்டியைப் பிடித்திருந்த மகளைப் பார்த்தார். பிறகு களத்தின் நடுவே கட்டியிருந்த மாட்டை அவிழ்த்து, ஓரமாகக் கொண்டுபோய்க் கட்டினார்.