முப்பத்தாறு அடிச் சரிவு

எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் புகுந்த பிறகு, எத்திராஜ் பட்டது போதும் என்று தன் வீட்டுத் தரையை மூன்றடி உயர்த்தினார். சந்திலேயே உயரமான தரை அவருடையதுதான். அடுத்த மழையில் அக்கம்பக்கமெல்லாம் பாத்திரத்தால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியே முதுகு போன மனிதர். ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு அது ஒன்றுதான் இருந்தது.

பிறகு சர்க்கரை நோயில் அவர் மனைவி பவானிக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். கூடை மீனோடு ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தவள் அவள். இப்போது சக்கர நாற்காலியில் வாசல்வரை வருவாள், நான்கு படிகளையும் பார்ப்பாள், திரும்பிவிடுவாள். இறக்கிவிட இரண்டு ஆள் வேண்டும். ஒவ்வொரு முறையும் யாரையாவது கெஞ்சிக் கூப்பிட்டு அவளுக்கே வெறுத்துவிட்டது.

"மார்க்கெட்டாண்ட போய் சும்மா குந்திகினு வந்தா போதும்யா," என்றாள் ஒருநாள்.

சாய்தளம் கட்டிவிடலாம் என்று எத்திராஜ் டேப்பை எடுத்தார். ஓரடி இறங்கப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மூன்றடிக்கு முப்பத்தாறு. சந்தின் அகலமோ எட்டடி. நேராக இறக்கினால் பவானி எதிர்வீட்டுச் சுவரில் போய்த்தான் நிற்பாள். பத்தாம் வகுப்பில் அரைத் தூக்கத்தில் கேட்ட செங்கோண முக்கோணத்தை ஒரு பழைய அட்டையில் கரியால் வரைந்து, உயரத்தை நீளத்தால் வகுத்து வகுத்துப் பார்த்தார். சுவரோரமாகப் பக்கவாட்டில் இறக்குவதைத் தவிர வழியில்லை. அவர் வீட்டு முகப்பு பதினைந்து அடி. கதவருகே நாற்காலி திரும்ப மூன்றடி போனால் மிச்சம் பன்னிரண்டு. பாக்கி நீளத்துக்குப் பக்கத்து வீடுகளின் வாசல் வேண்டும்.

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாவிடம் போய்ப் படத்தைக் காட்டினார்.

அவள் பொறுமையாகப் பார்த்தாள். "கணக்கு நல்லாத்தான் கீது எத்திராஜு. வூட்டை ஏத்துனியே, உன் வூட்டுக்குள்ள வராத தண்ணி எங்க போவும்னு அப்போ கணக்கு போட்டியா? என் வூட்டுக்குத்தான் வந்துச்சு. இப்போ வாசலையும் அடைச்சா நான் எங்கப்பா போவேன்?"

குரலில் கோபமே இல்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். எத்திராஜுக்கு வெட்கமாக இருந்தது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து பவானியிடம் அப்படியே சொன்னார்.

அவள் கரிப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முப்பத்தாறைக் கொறைக்க முடியலன்னா மூணைக் கொறையேன்."

"இன்னாது?"

"தரையை ரெண்டடி எறக்கிடு. ஓரடிக்கு நம்ம வாசலே போதுமே."

"தண்ணி வந்தா?"

"வந்தா நனைவேன், அப்பால காஞ்சிடுவேன். இப்பிடியே உள்ள கெடந்தா செத்துடுவேன்யா."

எத்திராஜ் குனிந்து தரையைக் கையால் தடவிப் பார்த்தார். ஏற்றுவதற்கு எவ்வளவு மண் கொட்டினார், எத்தனை பேரிடம் பெருமையடித்தார் என்பதெல்லாம் வரிசையாக வந்து போனது. இடுப்பு வேறு வலித்தது.

மறுநாள் காலையில் கடப்பாரையை எடுத்துவந்து, தான் ஜெயித்த தரையைத் தன் கையாலேயே உடைக்க ஆரம்பித்தார். பவானி நாற்காலியில் மூலையோரம் உட்கார்ந்து, தூசிக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மெதுவாயா," என்றாள். "நாளைக்கு என்னைத் தள்ளினு போவணும் நீ."