பெரிய மாமாவைப் பார்க்கப் போன விமானம்

பெரிய மாமா சாகக் கிடக்கிறார் என்று நோர்வேயிலிருந்து தொலைபேசி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா போனைக் காதில் வைத்தபடியே குசினித் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்தச் செய்தியில் ஒன்றே ஒன்றுதான் விளங்கியது. நாங்கள் விமானத்தில் ஏறப்போகிறோம்.

இலங்கையில் போர் முடிந்ததற்கு அடுத்த பனிக்காலம் அது. மாமா அம்மாவுக்கு ஒரே அண்ணன். தாய் தகப்பனை இழந்த தங்கையைப் படிப்பித்து, ஏஜென்சிக்காரனைப் பிடித்து, பிரான்சுவரை அனுப்பிவைத்தவர். பிறகு அவர் நோர்வேக்குப் போனார். பதினான்கு வருடமாக இருவரும் தொலைபேசியிலேயே அண்ணனும் தங்கையுமாக இருந்தார்கள். பாரிசிலிருந்து ஒஸ்லோ பக்கம் போக இரண்டு மணி நேரம் போதும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் ஏதோவொன்று குறுக்கே வந்தது. ஒரு வருடம் வதிவிடப் பத்திரம், ஒரு வருடம் நான், ஒரு வருடம் தம்பி.

அப்பா பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். முதலாளி லீவு கொடுக்கவில்லை. "இந்த நிலைமையிலை இப்ப போகத்தான் வேணுமோ?" என்று அப்பா அம்மாவிடம் கேட்டார்.

"அண்ணை இருக்கேக்கை பாக்காமல், பிறகு போய் ஆரைப் பாக்கிறது?"

"அப்ப இதுகளை ஆர் பாக்கிறது?"

"மூண்டையும் நான் கொண்டு போறன்."

நிலைமை என்று அப்பா சொன்னது மாமாவின் நிலைமையைத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

டிக்கெட் போட்டுத் தந்தவர் எங்கள் தெருமுனையில் டெலிபோன் கார்டு விற்கும் கடைக்கார அண்ணை. கடைக்கு மேலால் மெட்ரோ ஓடும்போது அவருடைய கண்ணாடி அலுமாரி நடுங்கும். அது நின்ற பிறகுதான் பேச்சைத் தொடருவார். "அக்கா, இது மலிவு பிளேன். ஆளுக்கு ஒரு பை. மடியிலை இருக்கிற பிள்ளைக்குப் பை இல்லை. வாசல்லை ஒரு கம்பிக்கூடு வச்சிருப்பாங்கள். பை அதுக்குள்ளை இறங்காட்டி ஏத்த மாட்டாங்கள்." அம்மா வீட்டுக்கு வந்து பைகளை அளந்தார். நான்கு சுவெட்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தம்பிக்குப் போட்டுவிட்டார். அவனுக்கு ஐந்து வயது. கைகளை மடக்க முடியாமல் அவன் நடந்த நடையைப் பார்த்து நான் சிரித்தேன்.

பதினைந்து மாதத் தங்கச்சியின் பை என் பொறுப்பு. பால்போத்தல், பிஸ்கட், ஆறு நாப்பி. எங்கள் வீட்டில் நாப்பிக்குக் கூஷ் என்றுதான் பெயர். ஆறையும் நானே மடித்து அடுக்கினேன். போகிற வழிக்கு மூன்று, மாமா வீட்டுக்கு மூன்று என்று கணக்கு.

மலிவு விமானங்கள் புறப்படுகிற போவே விமான நிலையத்துக்குப் பாரிசின் விளிம்பிலிருந்து பஸ்ஸில் போக வேண்டும். பஸ்ஸில் அம்மா முன்சீட்டின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தார். பாதுகாப்புச் சோதனையில் அம்மாவின் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார்கள். மாமாவுக்காக விடிய எழும்பி வைத்த சொதி. சோதனைக்காரப் பெண் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, இது திரவம், போகாது என்றார். நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். வீட்டுக்கு வெளியே அம்மாவின் பிரெஞ்சு நான்தான். சொதி தொட்டிக்குள் போனது. இடியப்பத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அம்மா கழிப்பறைக்குப் போனார். நெடுநேரம் வரவில்லை. மற்றவர்கள் வரிசையில் நிற்கத் தொடங்கிவிட்டார்கள். தங்கச்சி என் இடுப்பிலிருந்து நழுவிக்கொண்டேயிருந்தாள். தம்பி கேட்டது எதற்கும் "அத்தான், அத்தான்" என்றேன். பிரெஞ்சில் 'பொறு' என்பதற்கான சொல் எங்கள் வாயில் அப்படித்தான் வரும். தன் தம்பியையே அத்தான் என்கிறாளே என்று அம்மா எப்போதும் சிரிப்பார். அன்றைக்குத் திரும்பி வந்த அம்மா அது காதில் விழுந்தும் சிரிக்கவில்லை. முகம் கழுவியிருந்தார். உதட்டில் நிறமே இல்லை.

என் முன்னால் குனிந்து, தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "பிள்ளை, ஆர் கேட்டாலும் அம்மாவுக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லோணும். விளங்குதோ? வருத்தம் எண்டு தெரிஞ்சா இறக்கிப்போடுவினம்."

"என்ன வருத்தம் அம்மா?"

"வயித்துக்குத்து. போயிடும்."

கடைசி ஆட்களாக ஏறினோம். அந்த விமானத்தில் இருக்கை எண் கிடையாது. கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். எனக்கும் தம்பிக்கும் பின்வரிசையில், கழிப்பறைக்குப் பக்கத்தில் இரண்டு இடம் கிடைத்தது. அம்மா தங்கச்சியோடு இரண்டு வரிசை முன்னால், இரண்டு பெரிய ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

விமானம் எழும்பியபோது நான் கத்தியே விட்டேன். மேகம் கீழே போனது. அதைக் காட்ட அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா திரும்பவில்லை.

சற்று நேரத்தில் அவர் எழுந்து வந்தார். தங்கச்சியை என் மடியில் வைத்தார். தங்கச்சியின் பையை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போனார். பிள்ளையை விட்டுவிட்டுப் பிள்ளையின் பையைக் கொண்டு போகிறாரே என்று நினைத்தேன். திரும்பி வந்து போய் உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் மறுபடியும் அதே மாதிரி வந்தார். மூன்றாவது தடவை போனபோது விமானம் குலுங்கத் தொடங்கி, இருக்கைப் பட்டி விளக்கு எரிந்தது. விமானப் பணிப்பெண் என்னிடம் வந்து, கைக்குழந்தை பெரியவர் மடியில்தான் இருக்க வேண்டும், தாய் எங்கே என்று கேட்டார். நான் கழிப்பறையைக் காட்டினேன். அவர் கதவைத் தட்டினார்.

"ஒண்டுமில்லை எண்டு சொல்லு பிள்ளை," உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒன்றுமில்லையாம்," என்று பிரெஞ்சில் சொன்னேன்.

"உன் அம்மாவுக்குச் சுகமில்லையா?"

அந்தப் பெண் என் பக்கத்தில் குந்தி, என் முகத்துக்கு நேரே முகம் வைத்துக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவருடைய கண்மை ஒரு பக்கம் கலைந்திருந்தது இன்றும் நினைவிருக்கிறது. ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

"இல்லை மதாம். அம்மாவுக்கு விமானம் பயம்."

யாரும் சொல்லித்தராத பொய் அது. அவர் என் தலையைத் தடவிவிட்டு எழுந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இறங்கும்போது எல்லோரும் போகும்வரை அம்மா எழுந்திருக்கவில்லை. தம்பி கடைசி நேரத்தில் பொறுக்க முடியாமல் உடுப்போடேயே மூத்திரம் போய்விட்டான். அவனைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக நான் எத்தனை தரம் கூப்பிட்டும் அம்மா வரவில்லை என்று எனக்குக் கோபம். தங்கச்சியும் நனைந்து அழுதாள். பையைத் திறந்தேன். ஒரு நாப்பிகூட இல்லை.

"ஆறு வச்சனான். எங்கை?"

"முடிஞ்சுது."

"அவளுக்கு ஒண்டும் மாத்தேல்லையே!"

"கத்தாதை பிள்ளை," என்றார் அம்மா. அதட்டவில்லை. கெஞ்சுவதுபோல இருந்தது.

மாமாவின் மகன் காரோடு வந்திருந்தார். நான் அவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். வெளியே எங்கும் வெள்ளைப் பனி. அம்மா அவரிடம் ஒரு பிளாஸ்டிக் பை கேட்டு வாங்கி, இருக்கையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். "சின்னவள் நனைச்சுப்போட்டாள் தம்பி, உம்மடை கார் பழுதாகிடும்." நனைந்த தங்கச்சியோ என் மடியில் இருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒஸ்லோ வரும்வரை விடவில்லை. வலி வரும்போதெல்லாம் என் விரல்களை நெரித்தார். எனக்கு நொந்தது. அதுவும் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டுப் போகலாம் என்று மாமாவின் மகன் சொன்னார். "இல்லைத் தம்பி, நேரை ஆஸ்பத்திரிக்கு விடும்," என்றார் அம்மா.

மாமா படத்தில் பார்த்த ஆளாக இல்லை. கட்டிலில் பாதியைக்கூட நிரப்பவில்லை. அம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை."

மாமா கண் திறந்து நெடுநேரம் பார்த்தார். "வந்திட்டியே," என்றார். பிறகு, "மெலிஞ்சு போனாய். சாப்பிட்டனியே?"

"ஓம் அண்ணை. சாப்பிட்டனான்."

"பிள்ளையள்?"

அம்மா எங்களை ஒவ்வொருவராக முன்னால் தள்ளிக் காட்டினார். மாமா தங்கச்சியின் காலைத் தொட்டார். அது நனைந்திருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. நான் மாமாவைப் பார்த்தது அவ்வளவுதான். கால் மணி நேரம் இருக்கும். அவர் கண் அயர்ந்ததும் அம்மா மெல்ல அறையை விட்டு வெளியே வந்தார். நடைவழியில் நாலைந்து அடி வைத்தார். சுவரோடு சரிந்து விழுந்தார்.

மாமாவின் கட்டிலருகே இருந்த மாமி ஓடிவந்தார், தாதிகள் ஓடிவந்தார்கள். அம்மாவைச் சக்கரக் கட்டிலில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். தரையில் இருந்ததை மாமி தன் சால்வையால் மூடிவிட்டு, எங்கள் மூவரையும் திருப்பி நிறுத்தினார்.

மாமா மூன்றாம் நாள் செத்தார். அம்மா அதே ஆஸ்பத்திரியில் இரண்டு மாடி கீழே கிடந்தார். செத்த வீட்டுக்கு வந்த சனமெல்லாம், அண்ணனைக் கண்ட அதிர்ச்சியில் தங்கை மயங்கி விழுந்ததையே பேசினார்கள். சகோதர பாசம் என்றால் அது என்றார்கள். மாமி மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. நானும் பாரிஸ் திரும்பி அதையே பள்ளியில் கதையாகச் சொன்னேன். ஆறு நாப்பி வைத்தும் அம்மா எங்கேயோ தொலைத்துவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

விமானத்தில் ஏறும்போது அம்மா மூன்று மாதக் கர்ப்பிணி. அதை மாமி எனக்குச் சொன்னது என் இருபத்து மூன்றாவது வயதில், ஒரு கலியாண வீட்டில் கை கழுவ வரிசையில் நின்றபோது. "ரத்தம் போறது அவவுக்கு ஏறமுதலே தெரியும். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு சத்தியம் வாங்கினவ," என்றார். அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது.

ஆனால் அம்மா எனக்குச் சொல்லாமல் இருந்தார் என்று சொல்ல முடியாது. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, பாரிசுக்குப் பக்கத்தில் சென் தெனியில் ஒரு பெண் மருத்துவரிடம் அம்மாவோடு போனேன். வழக்கம்போல நான் மொழிபெயர்ப்பு. இதுவரை எத்தனை தடவை கர்ப்பமானீர்கள் என்று மருத்துவர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"நாலு," என்றார் அம்மா.

"மூண்டு அம்மா. நான், தம்பி, தங்கச்சி."

அம்மா என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "சரி, மூண்டு எண்டு சொல்லு," என்றார். நான் 'துருவா' என்றேன். அந்தச் சொல் அம்மாவுக்கு விளங்கும். மருத்துவர் மூன்று என்று எழுதிக்கொண்டார்.

அன்று அப்பா வேலைக்குப் போகுமுன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதைப் பகிடியாகச் சொன்னேன். "அப்பா, அம்மாவுக்கு மறதி. தன்ரை பிள்ளையள் எத்தினை எண்டே தெரியேல்லை. டொக்டரிட்டை நாலு எண்டவ."

அப்பா பிசைந்த சோற்றைக் கோப்பையிலேயே விட்டுவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். தண்ணீர் நெடுநேரம் ஓடியது. கறியில் உப்புக் கூடிப்போயிற்று என்று நினைத்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.